உஷார்! அந்த குரூப்பில் நிஜமான ஆள் நீங்கள் மட்டும்தான்

கேட்காமலே உங்களை ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்திருக்கிறார்களா? காலையில் 'சார்' ஒருவர் எந்தப் பங்கை வாங்கலாம் என்று சொல்ல, மாலையில் ஆளாளுக்கு லாபக் கணக்கை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டு அவருக்கு நன்றி சொல்கிறார்களா? உடனே வெளியே வந்துவிடுங்கள். அங்கே பேசுகிறவர்களில் பெரும்பாலோர், சில குரூப்பில் அத்தனை பேருமே, மோசடிக் கும்பலின் ஆட்கள். ஒரே ஆள் பல சிம் வைத்துக்கொண்டு பல பெயரில் பேசுவார். 'எனக்கென்னவோ பயமா இருக்கு' என்று எழுதுகிறவரும் அவர்தான், 'நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன், நேத்து பணம் வந்துடுச்சு' என்று ஆறுதல் சொல்கிறவரும் அவர்தான்.

இதிலெல்லாம் பேராசைக்காரர்கள்தான் விழுவார்கள் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை நடத்தினார். ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்தில் இருக்கும் மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்டார். சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒரே ஒரு மாணவர் தவிர மற்ற எல்லோரும் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள். பல சுற்றுகளில் அவர்கள் வரிசையாக, கூசாமல், தவறான கோட்டைச் சொன்னார்கள். அப்படிப்பட்ட சுற்றுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தடவை, இப்படிச் சோதிக்கப்பட்ட மாணவர்களும் தவறான விடையையே சொன்னார்கள். நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு போனார்கள். கண்ணெதிரே இருக்கும் கோட்டுக்கே இந்தக் கதி என்றால், கண்ணுக்குத் தெரியாத பங்குச் சந்தைக்கு என்ன கதி? அந்த அறையைத்தான் இன்று உங்கள் செல்போனுக்குள் கட்டி வைத்திருக்கிறார்கள்.

அவர்கள் சொல்லும் செயலியில் உங்கள் பணம் ஏறிக்கொண்டே இருக்கும். முதலில் ஐயாயிரமோ பத்தாயிரமோ எடுக்க விடுவார்கள், அது நிஜமாகவே வங்கிக் கணக்குக்கு வரும். அந்தச் சின்னத் தொகைதான் தூண்டில் புழு. பிறகு, பெரிய தொகை போட்டால் புதிதாகச் சந்தைக்கு வரும் ஐபிஓ பங்கு நிச்சயம் என்பார்கள். எடுக்கப் போனால் வரி கட்டு, கட்டணம் கட்டு என்பார்கள். அதையும் கட்டியவர்கள் ஏராளம்.

இந்த வாட்ஸ்அப் குரூப் மோசடிகள் வருவதற்கு முன்னும் நாம் இப்படி ஏமாந்தவர்கள்தான். அப்போது கூட்டத்தைப் போலியாக உருவாக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. சொந்தபந்தமே போதுமானதாக இருந்தது. கொங்கு வட்டாரத்தில் ஈமு கோழி வளர்ப்பு பரவிய கதையைப் பாருங்கள். பணம் கட்டினால் குஞ்சும் தீவனமும் தருவோம், மாதாமாதம் பராமரிப்புத் தொகை தருவோம் என்றார்கள். விளம்பரத்தில் திரை நட்சத்திரங்கள் வந்தார்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து விலை பேசும் விவசாயிகள், இந்தக் கறியை யார் வாங்குவார்கள், எந்த ஊரில் விற்கிறது என்று கேட்காமலே கட்டினார்கள். ஏனென்றால் மச்சான் வீட்டில் கொட்டகை போட்டாயிற்று, பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு மாதம் பிறந்தால் பணம் வருகிறது. 2012இல் பெருந்துறையில் இருந்த ஈமு நிறுவனம் கவிழ்ந்தபோது பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசாங்கம் தீனி போட வேண்டியிருந்தது.

பத்து வருடம் கழித்து 2022இல் ஆருத்ரா என்ற நிதி நிறுவனத்தின் கதை. மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி என்றார்கள். காவல்துறை கணக்குப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கட்டிய தொகை 2,438 கோடி ரூபாய். வங்கியில் ஒரு வருடத்துக்கே ஏழு சதவீதம் கிடைத்தால் பெரிது. இந்தக் கணக்கு தெரியாதவர்களா அவ்வளவு பேரும்?

தெரிந்துதான் இருக்கும். ஆனால் நம் ஊரில் பணத்தைப் பற்றிக் கேள்வி கேட்பது ஆளை அவமானப்படுத்துவது போல ஆகிவிடுகிறது. சித்தப்பா ஒரு சீட்டில் சேரச் சொன்னால் 'ரசீது உண்டா, பதிவு எண் என்ன' என்று கேட்க வாய் வராது. கேட்டால், 'என் மேல நம்பிக்கை இல்லையா?' என்பார். அவர் நல்லவராகவே இருக்கலாம், தன் பணத்தையும் போட்டிருக்கலாம். கூடவே, ஆள் சேர்த்ததற்குக் கமிஷனும் வாங்கியிருக்கலாம். நடைப்பயிற்சி நண்பர்கள், கோயில் கமிட்டி, சர்ச், ஜமாஅத், ஓய்வுபெற்றோர் சங்கம் எல்லாமே மோசடிக்காரர்களுக்கு ஒன்றுதான். ஒருவரைப் பிடித்தால் போதும், மற்றவர்களை அவரே கூட்டி வருவார். நாளைக்கு அந்த நிறுவனம் கவிழ்ந்தால் உறவுக்காரர்கள் முதலில் வந்து நிற்கப்போவது அவர் வீட்டு வாசலில்.

ஆஷ் சோதனையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலும், தவறாகத் தலையாட்டுவது வெகுவாகக் குறைந்தது. ஆகவே பணம் கட்டும் முன் அந்த குரூப்புக்கும் அந்த உறவு வட்டத்துக்கும் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். வங்கி மேலாளரோ, கல்லூரியில் படிக்கும் உங்கள் பெண்ணோ, யாராக இருந்தாலும் சரி. 'யாரிடமும் சொல்லாதீர்கள், இது நம் குரூப்புக்கு மட்டும்' என்று அவர்கள் ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள் என்பது அப்போது புரியும். ஆலோசனை சொல்பவர் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் பதிவு பெற்றவரா என்று செபியின் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டீர்களா? வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள். சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு இப்போதே அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் முடக்க முடியும், நேரம் போகப் போக வாய்ப்பு குறையும். நிதி நிறுவனத்தில் ஏமாந்தவர்கள் ரசீதுகளோடு பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போக வேண்டும்.

இழந்த பிறகும் உஷார். 'பாதிக்கப்பட்டோர் சங்கம்' என்று இன்னொரு குரூப்பில் உங்களைச் சேர்ப்பார்கள். அங்கே நாலு பேர், 'இந்த வக்கீல் மூலமா எனக்கு முழுப் பணமும் திரும்ப வந்துடுச்சு' என்று எழுதுவார்கள். முன்பணமாகக் கொஞ்சம் கேட்பார்கள்.