வெளியேறும் புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜன்: இன்ஜின் ட்யூனிங்கில் வைட்பேண்ட் சென்சார்

பெட்ரோல் இன்ஜினின் சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று நுழைகிறது, அதனோடு எவ்வளவு பெட்ரோல் கலக்கிறது என்ற கணக்கே அதன் வலுவையும் எரிபொருள் செலவையும் ஆயுளையும் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமின்றி எரிந்து முடிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவைப்படுகிறது. பெட்ரோலும் ஆக்ஸிஜனும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தி இரண்டுமே தீர்ந்துபோகும் இந்த நிலையைப் பொறியாளர்கள் லாம்டா 1 என்று குறிக்கின்றனர். காற்று மிகுந்தால் லாம்டா ஒன்றுக்கு மேல் போகும், அந்தக் கலவையைப் பட்டறைகளில் ‘லீன்’ என்பார்கள். பெட்ரோல் மிகுந்தால் ஒன்றுக்குக் கீழே இறங்கும், அது ‘ரிச்’.

இந்த விகிதத்தை ஓடும் வண்டியிலேயே அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாரை போஷ் நிறுவனம் உருவாக்க, 1976ஆம் ஆண்டில் வோல்வோ நிறுவனம் அதைத் தன் கார்களில் பொருத்தத் தொடங்கியது. சூடேறிய நிலையில் ஆக்ஸிஜன் அயனிகளைத் தன் வழியே கடத்தும் சிர்கோனியா என்னும் பீங்கானே அதன் உயிர்ப்பகுதி. பீங்கானின் ஒரு புறம் வெளிக்காற்றும் மறுபுறம் புகையும் இருக்க, இரு புறத்து ஆக்ஸிஜன் அளவுக்கும் உள்ள வேறுபாடு ஒரு சிறு மின்னழுத்தமாக வெளிப்படுகிறது. கலவை ரிச்சாக இருந்தால் அது சுமார் 0.9 வோல்ட், லீனாக இருந்தால் சுமார் 0.1 வோல்ட், இரண்டுக்கும் இடையிலான மாற்றமோ லாம்டா ஒன்றை ஒட்டிய மிகக் குறுகிய எல்லைக்குள் சட்டென்று நிகழ்ந்துவிடுகிறது. ஆகவே ‘நேரோபேண்ட்’ எனப்படும் இந்தப் பழைய வகை, எந்தத் தட்டு தாழ்ந்திருக்கிறது என்று மட்டும் காட்டி எத்தனை கிராம் என்று காட்டாத தராசைப் போன்றது. கலவையை லாம்டா ஒன்றைச் சுற்றியே வைத்திருக்க வேண்டிய வினையூக்கி மாற்றிக்கு அது போதும். ஆனால் த்ரோட்டிலை முழுதாகத் திறந்து உச்ச வலுவைப் பெற முனையும்போது கலவை 0.85 முதல் 0.9 வரையிலும், டர்போ அழுத்தம் கூடிய இன்ஜின்களில் 0.8க்கு அருகிலும் இருக்க வேண்டியிருப்பதால், ட்யூன் செய்பவருக்கு அது போதாது.

அந்தக் குறையைத் தீர்க்கும் வைட்பேண்ட் சென்சாரில் இரண்டு சிர்கோனியா அறைகள் ஒட்டி அமைந்துள்ளன. நுண்ணிய வழியொன்றின் ஊடாகச் சிறிதளவு புகை உள்ளே கசிய, முதல் அறை பழைய சென்சாரைப் போலவே அதன் ஆக்ஸிஜனை உணர்கிறது. இரண்டாவது அறையோ, மின்னோட்டம் செலுத்தினால் ஆக்ஸிஜனை வெளியே தள்ளவும், மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் உள்ளே இழுக்கவும் வல்ல பம்ப்பாக இயங்குகிறது. உள்ளிருக்கும் வாயு எப்போதும் லாம்டா ஒன்றிலேயே, அதாவது முதல் அறை 0.45 வோல்ட்டிலேயே, நிற்கும்படி கட்டுப்படுத்தும் கருவி அந்தப் பம்ப்பை இடைவிடாமல் திருத்திக்கொண்டே இருக்கிறது. அதற்குத் தேவைப்படும் மின்னோட்டத்தின் அளவும் திசையும்தான் விடை. மின்னழுத்தத்தை அளப்பதை விட்டு, சமநிலையைக் காக்க ஆகும் உழைப்பை அளக்கத் துணிந்ததே இந்த வடிவமைப்பின் பெருமை.

சென்சார் நேரடியாகக் கண்டறிவது லாம்டாவையே, 14.7 போன்ற எடை விகிதத்தை அன்று. மீட்டர்தான் லாம்டாவை 14.7ஆல் பெருக்கி விகிதமாகக் காட்டுகிறது. எத்தனால் தன்னுள்ளேயே ஆக்ஸிஜனைக் கொண்டிருப்பதால் அதற்குக் குறைந்த காற்றே போதும். ஆகவே இந்தியாவில் இப்போது விற்கப்படும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சரியான விகிதம் 13.5 அளவிலேயே அமைகிறது. அந்தப் பெட்ரோலிலும் கலவை பொருந்தி நிற்கும்போது பெட்ரோலுக்கென அமைத்த மீட்டர் 14.7 என்றே காட்டும். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க மீட்டரை லாம்டா அளவுகோலுக்கு மாற்றிக்கொள்வதே சிறந்தது.

பொருத்தும் முறையில் கவனம் பிசகினால் விலையுயர்ந்த சென்சார் விரைவில் வீணாகும். பரவலாகப் பயன்படும் போஷ் எல்.எஸ்.யு. 4.9 வகை சுமார் 780 டிகிரி செல்சியஸில் இயங்குவது. அவ்வளவு சூடான பீங்கானின் மேல் புகைக்குழாயில் தேங்கிய நீர்த்துளி பட்டால் அது விரிசல் விடும். அதனால் நீர் வடியும்படி சென்சாரைக் கிடைமட்டத்துக்கு மேல் சாய்த்து நிறுத்துவதும், டர்போ உள்ள இன்ஜினில் வெப்பமும் அழுத்தமும் தணிந்த பின்பகுதியில் வைப்பதும் வழக்கம். ஈயம் கலந்த பந்தய எரிபொருளும் சிலிகான் பசையின் ஆவியும் சென்சாருக்கு நஞ்சு.

ட்யூன் செய்கையில் இந்த அளவீட்டை இன்ஜின் வேகம், உள்ளிழு குழாயின் அழுத்தம் ஆகியவற்றோடு சேர்த்துப் பதிவு செய்து, இ.சி.யு. எனப்படும் கட்டுப்பாட்டுக் கணினியின் எரிபொருள் அட்டவணையில் அந்தந்தக் கட்டத்தைத் திருத்துகிறார்கள். 0.88 வேண்டிய இடத்தில் 0.92 பதிவானால், 0.92ஐ 0.88ஆல் வகுக்கக் கிடைக்கும் 1.045ஐக் கொண்டு அந்தக் கட்டத்தின் எண்ணைப் பெருக்க, எரிபொருள் நாலரை விழுக்காடு கூடும். புகை சிலிண்டரிலிருந்து சென்சாரை வந்தடையச் சிறிது நேரம் ஆவதால், த்ரோட்டிலைத் திடீரென அழுத்தும் கணத்துப் பதிவை நம்பாமல், இன்ஜினை ஒரே நிலையில் சற்று நேரம் ஓடவிட்டுப் பெற்ற பதிவையே கணக்கில் கொள்ள வேண்டும்.

எனினும் சென்சார் பெட்ரோலைப் பார்ப்பதில்லை, எரிந்த பின் மிஞ்சியதையே பார்க்கிறது என்பதை மறந்தால் பெரும் தவறு நேரும். ஸ்பார்க் பிளக் பற்றவைக்கத் தவறும் சிலிண்டரிலிருந்து பெட்ரோலும் ஆக்ஸிஜனும் எரியாமலே வெளியேறுகின்றன. அந்த ஆக்ஸிஜனைக் கண்ட சென்சார் லீன் என்று அறிவிக்க, அதை நம்பி மேலும் பெட்ரோலைக் கூட்டினால் ஏற்கெனவே நனைந்த பிளக் இன்னும் நனைந்து கோளாறு முற்றும். சென்சாருக்கு முன்னுள்ள இணைப்பில் கசிவு இருந்து வெளிக்காற்று புகுந்தாலும், குறிப்பாக ஐடிலிங்கில், இதே பொய்த் தோற்றம் உண்டாகும். நான்கு சிலிண்டர்களின் புகையும் ஒன்றுசேரும் இடத்தில் ஒரே சென்சார் இருந்தால், இன்ஜெக்டர் அடைபட்ட ஒரு சிலிண்டர் ஆபத்தான அளவு லீனாகி ‘நாக்’ எனப்படும் தட்டல் தொடங்கினாலும் மீட்டர் நான்குக்கும் பொதுவான சராசரியையே காட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் சில பந்தய இன்ஜின்களில் ஒவ்வொரு சிலிண்டரின் குழாயிலும் தனித்தனிச் சென்சார் பொருத்துகிறார்கள். அதற்கு வசதியில்லாத பட்டறைகளில் நான்கு பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்து அவற்றின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றும் தவிர்க்கக் கூடாத வேலை.