சொல்லுக்கு ஏழு பங்குதானா?

"பேச்சிலே சொல்லுக்கு மதிப்பு நூற்றுக்கு 7 தான், குரலுக்கு 38, முகத்துக்கும் உடலசைவுக்கும் 55!" பேச்சுப் பயிற்சி என்று காசு வாங்கிக்கொண்டு கற்றுத் தருகிறவர்கள் இதை வேதவாக்காக ஓதி வருகிறார்கள். வகுப்புக்குப் போய்வந்த நண்பர் ஒருவர், "இனி என்ன பேசுவது என்று கவலையே வேண்டாம் அய்யா, எப்படி நிற்கிறோம் என்று பார்த்துக்கொண்டால் போதும்" என்றார்.

அப்படியா சேதி? படிப்பகத்திலே ஒருவர் ஏட்டைப் படிக்க, பத்துப்பேர் சுற்றி அமர்ந்து கேட்க, அப்படிச் சொல்லை நம்பி வளர்ந்த கூட்டம் நம்முடையது. நம் மடியிலேயே கைவைக்கிற இந்தக் கணக்கு எங்கே பிறந்தது என்று பார்க்க வேண்டாமா, தோழர்களே?

பிறந்த ஆண்டு 1967. இடம், அமெரிக்க நாட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பல்கலைக்கழகம். ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியல் பேராசிரியர், துணைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு இரண்டு ஆய்வுகள் நடத்தினார். மேடைப் பேச்சை அளந்தாரா? இல்லை! பேச்சைக் கேட்ட கூட்டத்தை அளந்தாரா? அதுவும் இல்லை! ஒற்றை ஒற்றைச் சொல்லாகப் பதிவு செய்து, அன்பான குரலிலும் வெறுப்பான குரலிலும் கேட்கவைத்தார். மற்றோர் ஆய்விலே 'மேபி' என்ற ஒரே சொல். நம் ஊர் 'பார்க்கலாம்' என்று வைத்துக்கொள்ளுங்களேன்! அதைப் பல குரலில் ஒலிக்கவிட்டு, முகங்களின் நிழற்படத்தையும் காட்டி, சொன்னவருக்கு உள்ளே இருப்பது விருப்பா வெறுப்பா என்று கேட்டார். இரண்டையும் கூட்டிக் கட்டியதுதான் 7, 38, 55. விருப்பு வெறுப்பைப் பேசும்போது மட்டுமே இது செல்லும், மற்றப் பேச்சுக்குப் பொருந்தாது என்று பேராசிரியரே எழுதியும் வைத்தார். அவர் போட்ட வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பயிரை மட்டும் அறுத்துக்கொண்டார்கள் வியாபாரிகள்!

முகத்துக்கு மதிப்பே இல்லை என்பதல்ல என் வாதம். "வாங்க, உட்காருங்க" என்று சொல்லிக்கொண்டே கடிகாரத்தைப் பார்ப்பவர் வீட்டில் நாம் உட்காருவதில்லை. சொல்லும் முகமும் மோதினால் முகத்தையே நம்புகிறோம். ஆனால் சட்டப்படி குறைந்தளவு போனஸ் 8.33 விழுக்காடு என்பதைப் புருவத்தாலே சொல்லிக் காட்டுங்கள், பார்ப்போம்!

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சங்கத் தோழர்களோடு கூலி உயர்வு பேச நானும் போயிருந்தேன். மேலாளர் எழுந்து நின்று வரவேற்றார், தேநீர் வந்தது, தோளிலே கைபோட்டு, தேன் சொட்டும் குரலில் "பார்க்கலாம்" என்றார். முகத்துக்கு 55, குரலுக்கு 38, ஆக 93 பங்கும் எங்கள் பக்கம்! பூரித்துப்போய்த் திரும்பினோம். வாசலில் நின்ற முதிய தொழிலாளி ஒரே கேள்விதான் கேட்டார்: "எழுதிக் கொடுத்தாரா?"

மூன்று மாதம் ஓடியது. காலணா ஏறவில்லை.

அடுத்தமுறை போனபோது சொல்லுக்குச் சொல் எழுதி எடுத்துக்கொண்டு போனோம். தேநீர் இல்லை. மேலாளர் முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார். அந்த மாதமே கூலி ஏறியது.