டிரெய்லர் சக்கரத்துக்கு ஏற்ற நட்டு

கரும்பும் நெல் மூட்டையும் ஏற்றிச் செல்லும் டிராக்டர் டிரெய்லர்களில் சக்கர நட்டு கழன்று விழுவது உண்டு. அவசரத்துக்குக் கையில் கிடைத்த ஏதாவது ஒரு நட்டை முடுக்கிவிட்டு வண்டியை ஓட்டுவது ஆபத்தானது. பாரத்துடன் போகும்போது சக்கரம் கழன்றால் வண்டி கவிழ்ந்து உயிர்ச்சேதமும் நேரலாம்.

சக்கரத் தட்டை ஹப்புடன் அசையாமல் அழுத்திப் பிடிப்பதே நட்டின் வேலை. அழுத்தம் குறைந்தால் தட்டு சிறிது சிறிதாக ஆடும். அதனால் போல்ட் வளைந்து நிமிர்ந்து நாளடைவில் முறிந்துவிடும். ஆகவே, புது நட்டு வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காமல் கீழ்க்கண்ட மூன்று பொருத்தங்களையும் பார்க்க வேண்டும்.

மரை: பருமன் ஒன்றாக இருந்தாலும் மரை வேறுபடும். 18 மி.மீ. போல்ட்டில் 1.5 மி.மீ. இடைவெளியுள்ள நெருக்க மரையும் உண்டு, 2.5 மி.மீ. இடைவெளியுள்ள அகல மரையும் உண்டு. எனவே, நல்ல நிலையிலுள்ள பழைய நட்டு ஒன்றை மாதிரிக்குக் கடைக்கு எடுத்துச் செல்லலாம். சரியான நட்டு, சுத்தம் செய்த போல்ட்டில் கையாலேயே ஏறும். ஸ்பேனரால் வலிந்து ஏற்றினால் இரண்டின் மரையும் கெட்டுவிடும். சில பழைய வண்டிகளில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை இருக்கும் என்பதையும் கவனிக்கவும்.

உட்காரும் முகம்: தட்டின் துளை விளிம்பு கூம்பாகச் சரிந்திருந்தால் கூம்பு முக நட்டும், கிண்ணம்போல் குழிந்திருந்தால் உருண்டை முக நட்டும், தட்டையாக இருந்தால் வாஷருடன் கூடிய தட்டை முக நட்டும் தேவை. மாற்றிப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் விளிம்பில் மட்டுமே பிடித்து, விரைவில் தளர்ந்துவிடும்.

வலிமை: 8.8 என்று பொறித்த போல்ட்டுக்கு 8 எண் நட்டும், 10.9 போல்ட்டுக்கு 10 எண் நட்டும் போட வேண்டும். எண் பொறிக்காத சாதாரண நட்டுகளைச் சக்கரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

மாட்டும் முறை: தட்டும் ஹப்பும் சேரும் இடத்தில் துரு, மண், கிரீஸ் இல்லாமல் துடைக்க வேண்டும். நட்டுகளை வரிசையாக முடுக்காமல், எதிரெதிராக உள்ளவற்றை மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி, அதன்மேல் ஏறி மிதிப்பது போல்ட்டை இழுத்துப் பலவீனமாக்கும். வண்டியின் கையேட்டில் கூறியுள்ள அளவுக்கு இறுக்கினால் போதும். சக்கரம் மாட்டிய பின் 50 முதல் 100 கிலோ மீட்டருக்குள் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது அவசியம்.

நட்டைச் சுற்றித் துரு வழிந்த கோடு தெரிந்தால், அது தளர்ந்திருக்கக்கூடும் என்பதற்கு அறிகுறி. துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் புது நட்டு பயன் தராது. தட்டையே மாற்ற வேண்டும். ஒரு போல்ட் முறிந்திருந்தால் அதன் பளுவைத் தாங்கிய இரு பக்கத்துப் போல்ட்டுகளையும் சேர்த்து மாற்றுவது நல்லது. ஒரு நட்டு குறைந்திருந்தாலும், அதை மாற்றும்வரை டிரெய்லரில் பாரம் ஏற்றக் கூடாது.