ஸ்டீல் நாரிலிருந்து ஹைட்ரஜன்

திருச்சி தில்லை நகர் சாஸ்திரி ரோட்டு மளிகைக் கடைகளில் பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் (எவர்சில்வர்) நார் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். இங்கிருந்து சுமார் 90 கிலோமீட்டரில், காரைக்குடி ‘சிக்ரி’ என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில், செங்கேணி அனந்தராஜ், சுப்ரதா குண்டு குழுவினர் இப்படிப்பட்ட நாரையே மின்முனையாக்கித் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்தார்கள். 2018இல் ஆய்வுக் கட்டுரையும் வந்தது.

தண்ணீரைப் பிரிக்க 1.23 வோல்ட் போதும் என்பது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் 1.8, 2 வோல்ட் வரை இழுத்துவிடும். பெரிய தொல்லை ஹைட்ரஜன் வரும் முனையில் இல்லை, ஆக்சிஜன் வரும் மறுமுனையில். அங்கே ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு உருவாக நான்கு எலக்ட்ரான்கள் படிப்படியாகக் கழல வேண்டும். எந்தப் படியில் தடங்கினாலும் மின்சாரம் வெப்பமாகப் போகும். இந்தத் தடங்கலைக் குறைப்பதுதான் வினையூக்கியின் வேலை. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் குறைந்தபட்சம் 39 யூனிட் மின்சாரம் வேண்டும். ஆலைகளில் 50-ஐத் தாண்டுகிறது. பசுமை ஹைட்ரஜன் விலையில் பெரும்பங்கு மின் கட்டணமே.

அமில வகைக் கருவிகளில் இந்த வேலைக்கு இரிடியம் வேண்டும். உலகம் முழுக்க ஆண்டுக்கு ஏழெட்டு டன்தான் கிடைக்கும். காரக் கரைசலில் நிக்கலே போதும். கொஞ்சம் இரும்பு சேர்ந்தால் பிரமாதம். நிக்கல் ஆக்சைடில் துளி இரும்பு கலந்தாலும் ஆக்சிஜன் எளிதாக வருவதை 1987இல் கோரிகன் என்ற ஆய்வாளர் பதிவு செய்தார். 2014இல் போட்சர் என்பவரின் ஆய்வுக் குழு இன்னொன்றைக் காட்டியது: கரைசலில் மாசாக இருக்கும் இரும்பே நிக்கலில் ஏறிக்கொள்கிறது, அதை நீக்கினால் நிக்கல் படுத்துவிடுகிறது. நிக்கல் வாங்கிய நல்ல பேரில் பெரும்பங்கு இரும்புக்குச் சேர வேண்டியது!

18/8 எவர்சில்வரில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல், மீதி பெரும்பாலும் இரும்பு. வேண்டிய நிக்கல்-இரும்பு ஜோடி உள்ளேயே இருக்கிறது. துருவைத் தடுக்கும் குரோமியப் படலம்தான் குறுக்கே நிற்கிறது. 2017இல் இதே காரைக்குடி ஆய்வகத்தார் எவர்சில்வரின் மேற்பரப்பை அளவாக ஆக்சிஜனேற்றி, குரோமியத்தை வெளியேற்றினார்கள். துருப்பிடிக்காது என்றே காசு கொடுத்து வாங்கும் உலோகத்தை மெனக்கெட்டு அரிக்க வைப்பது நல்ல வேடிக்கை.

ஆனால் ஆலை மின்முனை பல்லாயிரம் மணி நேரம் உழைக்க வேண்டும். ஆய்வுக்கூடச் சோதனைகள் பெரும்பாலும் அத்தனை காலம் ஓடுவதில்லை. கழன்ற குரோமியம் காரக் கரைசலில் குரோமேட்டாக மாறக்கூடும், அது நஞ்சு. ஒரு நாருக்கு அது பொருட்டல்ல. ஆலை அளவில் செய்தால், அந்தக் கரைசலைச் சுத்திகரிக்கும் செலவையும் ஹைட்ரஜன் கணக்கில்தான் எழுத வேண்டும். இராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்ததைப் பார்த்தவர்கள் நாம்.