வீட்டுக் கோழிகளைப் பகலில் வெளியே மேயவிடுதல்

புதுச்சேரி நகரத்திற்கு மேற்கே, வில்லியனூர் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்துள்ள ரெட்டியார்பாளையம், இப்பொழுது உழவர்கரை நகராட்சியில் அடங்கிய பகுதியாகும். தெருக்களும் மாடி வீடுகளும் நெருங்கிவிட்ட இத்தகைய ஊர்களிலும், கொல்லைப்புறமுள்ள வீட்டார் நாலைந்து கோழிகளை வளர்க்கும் வழக்கம் முற்றிலும் அற்றுப்போகவில்லை. அவர்களுக்கு அடிக்கடி உண்டாகும் சந்தேகம் ஒன்றுண்டு: பகற்பொழுதில் கோழிகளை அடைத்து வைப்பதா, திறந்து விடுவதா என்பதே அது. வயலும் தோப்பும் சூழ்ந்த கிராமங்களில் இக்கேள்வி எழுவதேயில்லை. அங்கே கோழி விடிந்ததும் புறப்பட்டு அந்தியில் அடைவதை யாரும் ஒரு விஷயமாக எண்ணுவதில்லை. ஆயினும் அங்கும் இங்கும் கோழிகள் கூட்டமாய் மடிவது ஒரே காரணத்தினால்தான். அதைப் பின்னர்க் கூறுவோம்.

நாட்டுக் கோழிக்கு, அது பெருவிடையாயினும் சிறுவிடையாயினும், பகலில் மேய்வதே உகந்தது. கறையான், வெட்டுக்கிளி, புழு, மண்புழு முதலியவற்றில் அதற்கு வேண்டிய புரதச் சத்து கிடைக்கிறது. புல்லையும் கீரையையும் கொத்துவதனால் உயிர்ச்சத்து "ஏ" கிடைப்பதோடு முட்டையின் மஞ்சள் கருவும் நல்ல நிறங் கொள்ளுகிறது. வெயில் உடலிற் படுவதால் உயிர்ச்சத்து "டி" உண்டாகி எலும்பும் முட்டையோடும் உறுதிப்படுகின்றன. பல்லில்லாத பறவையாதலால், தானியத்தை வயிற்றில் அரைப்பதற்குச் சிறு கற்களை அது தானே பொறுக்கி விழுங்கவேண்டும். கூண்டில் அடைபட்ட கோழிக்கு இவற்றை நாமே கொண்டுபோய்ப் போட வேண்டியிருக்கும். மண்ணைக் கிளறிப் புழுதியில் புரள்வது விளையாட்டன்று. இறகிலுள்ள செள்ளையும் பேனையும் உதிர்ப்பதற்கு அதுவே கோழி அறிந்த வைத்தியம்.

ஆனால் வெளியில் கிடைப்பது ஒன்றே போதுமென்று நினைத்தல் தவறு. சிமெண்டுத் தரையும் தார்ச் சாலையும் பரவிய இடத்தில் புழு பூச்சிகள் எங்கிருந்து வரும்? நாட்டுக் கோழி வருஷத்துக்குச் சுமார் 60 முதல் 80 முட்டைகளே, மூன்று நான்கு ஈடுகளாக இடுவது. அதுவும் வயிறு நிரம்பாவிடில் குறைந்துபோகும். ஆகையால் மாலையில் கோழி ஒன்றுக்கு ஒரு கைப்பிடி வீதம் நொய், கம்பு, கேழ்வரகு இவற்றில் கிடைத்ததைத் தவிட்டுடன் கலந்து வைத்தல் வேண்டும். கடற்கரை அருகில் உள்ளவர்களுக்குக் கிளிஞ்சல் எளிதிற் கிடைக்கும். அதைப் பொடித்து ஒரு சட்டியில் வைத்துவிட்டால் முட்டையிடும் கோழி தனக்கு வேண்டிய அளவு கொத்திக் கொள்ளும். இந்த மாலை இரையை நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே குரல் கொடுத்து வைத்துவந்தால், கோழிகள் தேடாமலே வந்து அடையும். அந்த வேளையில் எண்ணிப் பார்த்து, எது இரை எடுக்காமல் ஒதுங்கி நிற்கிறதென்று கவனித்தலும் எளிதாகும்.

காலையில் எந்நேரம் திறந்துவிடுவது என்பதில் பலர் அசட்டையாக இருக்கின்றனர். பெரும்பாலான கோழிகள் முற்பகலிலேயே முட்டையிடுகின்றன. ஒரு முட்டை உருவாகச் சற்றேறக்குறைய 25 மணி நேரம் ஆவதால், இன்று இட்ட நேரத்தினும் நாளை சற்றுத் தாமதமாகவே இடும். விடிந்தவுடன் எல்லாவற்றையும் விரட்டிவிட்டால், அடுத்த வீட்டு வைக்கோற்போரிலோ வேலியடியிலோ முட்டை கிடக்கும்; நாயும் கீரியும் அதற்கு உடையவர்கள் ஆகும். நம் வீட்டுக் கிழவிகள் கோழியைக் கையிற் பிடித்துத் தொட்டுப் பார்த்து, அன்று முட்டை உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். அவ்வாறு முட்டை உள்ளதை மாத்திரம் கூடையில் கவிழ்த்து வைத்து, இட்டபின் விடுவது பழைய வழக்கம். இதைவிடச் சிறந்த உபாயம் வேறில்லை.

கத்தரி வெயிற் காலத்தில் நிழலும் தண்ணீரும் மிக அவசியம். கோழிக்கு வியர்வை இல்லை; வாயைத் திறந்து இரைத்தே சூட்டைத் தணித்துக் கொள்ளுகிறது. மண் சட்டியில் தண்ணீர் வைத்து, நிழலில், நாளைக்கு இருமுறை மாற்றுதல் நன்று. சாக்கடை நீரைக் குடிக்க விடலாகாது.

குஞ்சுகளின் விஷயம் வேறு. ஒரு ஈட்டில் 12 முதல் 15 முட்டைகளை அடைவைத்து 21-ம் நாள் பொரித்த குஞ்சுகளைத் தாயுடன் உடனே வெளியில் விட்டால், பருந்துக்கும் காக்கைக்கும் பூனைக்கும் கொடுத்தது போகச் சிலவே மிஞ்சும். முதல் மூன்று வாரமாவது பஞ்சாரத்தின் கீழ் வைத்து, காலையிலும் மாலையிலும் ஆள் பார்த்திருக்கும் சமயத்தில் மாத்திரம் விடுதல் வேண்டும். அந்நாட்களில் அவற்றுக்குக் கறையான் மிகச் சிறந்த இரை. ஒரு பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலை, வைக்கோல் இவற்றைத் திணித்து, தண்ணீர் தெளித்து, கறையான் உள்ள தரையில் மாலையிற் கவிழ்த்து வைத்தால், மறுநாள் காலையில் பானை நிறையக் கறையான் ஏறியிருக்கும். அதைக் குஞ்சுகளின் முன் கொட்டினால் போதும். காசு செலவில்லாத இந்த முறையைத் தமிழ் நாட்டுக் குடியானவர்கள் வெகுகாலமாகக் கையாண்டு வருகின்றனர்.

இனி, அண்டை அயலாருடன் நேரும் வழக்குகளைச் சிறிது கூறவேண்டும். ஆடு மாடு பயிரில் புகுந்தால் பட்டியில் அடைக்கலாம். ஆனால் 1871-ம் வருஷத்துக் கால்நடை அத்துமீறல் சட்டம் "கால்நடை" என்பதில் யானை, ஒட்டகம் முதல் பன்றி, ஆட்டுக்குட்டி வரை பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறதேயன்றிக் கோழியைச் சேர்க்கவில்லை. ஆகவே கோழியைப் பட்டிக்குக் கொண்டுவந்து கிராம அதிகாரியிடம் முறையிடுவதில் பயனில்லை. பிரான்சு தேசத்தார் 1889-ம் வருஷத்தில் இதற்கென்றே ஒரு விதி செய்தனர். அதன்படி கோழியால் உண்டான நஷ்டத்தை அதன் சொந்தக்காரர் ஈடு செய்யவேண்டும். நஷ்டப்பட்டவர் அந்த இடத்திலேயே, அந்தச் சமயத்திலேயே கோழியைக் கொல்லவுங் கூடும், ஆனால் அதைத் தாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. குழம்பு வைக்கும் ஆசையால் நியாயம் கெடாதிருக்க வேண்டுமென்று எண்ணினர் போலும்! நம் ஊர்களில் அவ்வளவு தூரம் போகவேண்டுவதில்லை. நெல் காயும் நாட்களிலும், நாற்றங்கால் விதைத்துச் சில நாள் வரையிலும் கோழிகளை அடைத்து வைத்து இரை போட்டால் சச்சரவு பெரும்பாலும் தீரும். மருந்து கலந்த விதையும், வயலில் தூவும் குருணை மருந்தும், எலிக்கு வைத்த விஷமும் கோழிக்குத் தானியமாகவே தோன்றும். ஆதலின் அவற்றை உபயோகிப்பவர் முன்னதாகவே அக்கம்பக்கத்தில் அறிவித்தல் கடமையாகும்.

மேற்சொன்ன யாவற்றிலும் முக்கியமானது வெள்ளைக் கழிச்சல் என்னும் வியாதி. 1926-ல் ஜாவாத் தீவிலும், இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தருகிலும் கண்டறியப்பட்ட இந்நோய், 1927-ல் இமயமலைச் சாரலிலுள்ள ராணிக்கேத் என்னும் ஊரிற் காணப்பட்டதனால் நம் தேசத்தில் ராணிக்கேத் நோய் என்று பெயர் பெற்றது. வெள்ளையும் பச்சையுமாய்க் கழிதல், மூச்சு வாங்குதல், கழுத்து முறுக்கிக் கொள்ளுதல், கால் இறகு விழுந்துபோதல் ஆகியவை இதன் குறிகள். கண்டபின் செய்யத்தக்க வைத்தியம் கிடையாது. தடுப்பு மருந்து பெறாத கோழிகளில் தப்புவது சொற்பமே. எச்சம், இரை, தண்ணீர், மனிதர் காலடி இவற்றின் வழியே பரவுவதால், பகலில் மேயும் கோழிகளில் ஒரு வீட்டிற் புகுந்தது தெரு முழுவதையும் காலி செய்துவிடும். சிறிது சிறிதாய்ச் சேர்த்த முட்டைப் பணத்தால் பள்ளிக்கூடச் செலவைப் பார்க்கும் குடும்பங்களுக்கு இது சிறிய நஷ்டமன்று.

இதற்குத் தடுப்பு மருந்து இல்லாமலில்லை. 1940-களில் முக்தேசுவரத்திலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது வளர்ந்த கோழிகளுக்கு ஊசி வழியாகப் போடப்படுகிறது. எட்டு வாரத்திற்கு உட்பட்டவற்றுக்கு அதைப் போடலாகாது. ஒரு வாரக் குஞ்சுகளுக்குக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விடும் மென்மையான மருந்து தனியே உண்டு. அப்படியிருந்தும் கொல்லைக் கோழிகளுக்கு அநேகர் போடாதிருப்பதன் காரணம் சோம்பல் மாத்திரமன்று. மருந்துக் குப்பி ஒன்று நூறு கோழிகளுக்கோ அதற்கு மேலுமோ போதுமான அளவில் வருகிறது. கரைத்தபின் இரண்டு மணி நேரத்திற்குள் தீர்த்துவிட வேண்டும். அதுவரை பனிக்கட்டியில் வைத்திருக்கவும் வேண்டும். ஆறு கோழி உள்ள வீட்டார் ஒரு குப்பியை உடைப்பது எங்ஙனம்? குளிர்ச்சி இல்லாமலும் சில நாள் கெடாத மருந்து ஒன்று ஆஸ்திரேலியாவில் கிராமக் கோழிகளுக்கென்றே உருவாக்கப்பட்டு ஆப்பிரிக்கக் கிராமங்களில் கையாளப்பட்டு வருகிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தாரும் இரையோடு உண்ணத்தக்க குருணை வடிவில் ஒன்று செய்திருக்கின்றனர்.

குப்பி மருந்தையே நம்பியிருக்கும் ஊர்களில் தெருவார் அனைவரும் சேர்ந்து ஒரு நாளைக் குறித்துக் கொள்வதே வழி. மாசி மாதத்தில், வெயில் ஏறுமுன் அந்நாள் அமைதல் நலம். பகலில் மேயும் கோழியை நடுப்பகலில் பிடிக்க இயலாது. ஆதலின் முதல்நாள் மாலை இரை வைத்து எல்லாவற்றையும் அடைத்து, விடியற்காலையில் கூடு திறக்குமுன் ஊசி போடுதல் வேண்டும். வீடு வீடாக எத்தனை கோழி என்று முன்னதாகக் கணக்கெடுத்து, கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்கும் பொறுப்பைக் கிராம நிர்வாக அதிகாரியோ ஊரில் செல்வாக்குள்ள நிலச்சுவான்தார் ஒருவரோ ஏற்றுக்கொண்டால் காரியம் எளிதாகும். ரெட்டியார்பாளையத்தார்க்குக் குருமாம்பேட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி தொலைவிலில்லை. நோயுற்று நிற்கும் கோழிக்கு ஊசி போடலாகாது. போட்ட மருந்து வேலை செய்ய இரண்டு வாரம் செல்லும். குடற்புழு மருந்தைத் தடுப்பூசிக்கு ஒரு வாரம் முன்னதாகக் கொடுப்பது வழக்கம். எறும்பும் வண்டும் தின்று மேயும் கோழிக்கு நாடாப்புழு இல்லாதிருத்தல் அரிது.

சந்தையில் வாங்கிய கோழியை அன்றே மற்றவற்றுடன் சேர்த்து விடுவோரால் இந்நோய் பெரும்பாலும் ஊருக்குள் வருகிறது. இரண்டு மூன்று வாரமாவது அதைத் தனியே கட்டி வைத்துப் பார்க்கவேண்டும். கழிச்சல் தொடங்கியதென்றால், மீதியுள்ளவற்றை மலிவாய் விற்றுவிட ஓடுவதும், செத்ததை வாய்க்காலில் எறிவதும் நோயைப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்நாட்களில் கோழிகளை வெளியில் விடாது அடைத்து, செத்தவற்றை நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு இட்டுப் புதைத்து, கூட்டைத் தேய்த்துக் கழுவி வெயிலிற் காயவைத்து, கால்நடை மருத்துவருக்கு அன்றைக்கே சொல்லி அனுப்புக.