249 கிராமில் ஒரு கணக்குப் பிழை

தோஹாவிலிருந்து என் மருமகன் தொலைபேசி எடுத்தார். "மாமா, லீவில் வரும்போது கமரா ட்ரோன் ஒன்று கொண்டு வரப் போகிறேன். 249 கிராம்தானாம், பதிவு ஒன்றும் தேவையில்லையாம், கடைக்காரர் சொல்கிறார்."

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காரருக்குப் பதிவு தொடங்குவது 250 கிராமில். இந்தியாவின் 2021ஆம் ஆண்டு விதிகளிலும் 250 கிராம் வரையானதை 'நனோ' என்று தனியாக வைத்திருக்கிறார்கள். டிஜேஐ நிறுவனம் 2019இல் 249 கிராம் மெவிக் மினியைச் செய்தது இந்தக் கோட்டைப் பார்த்துத்தான். ஜப்பானில் அப்போது கோடு 200 கிராம் என்பதால், சிறிய பெட்டரி போட்டு 199 கிராமுக்கு இறக்கி விற்றார்கள். சந்தையை அறிந்த வியாபாரி என்றால் இப்படி இருக்க வேண்டும்! (2022இல் ஜப்பான் அதையும் 100 கிராமாக்கி விட்டது.)

நம் நாட்டில் சிவில் விமான சேவைகள் அதிகார சபை வகுத்திருப்பது வேறு கணக்கு. 200 கிராமும் அதற்குக் குறைந்ததும் ஒரு வகை. அதற்கு மேல் 1 கிலோ வரை அடுத்தது. பின்னர் 25 கிலோ வரை. அதையும் தாண்டினால் இன்னொன்று. ஆக, உலகமெல்லாம் 'சின்னது' என்று விற்கப்படும் 249 கிராம், இங்கே பதிவு கேட்கும் வகைக்குள் விழுகிறது.

ஐந்து சந்திப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர் தன்னுடைய பதிவு செய்த ட்ரோனைக் கொண்டு வந்தார். பவுன் நிறுக்கும் தராசில் வைத்தோம். பெட்டரியோடு 249. விசிறிக் காப்பு வளையத்தை மாட்டியதும் முள் ஏறிவிட்டது. பறக்கும்போது உள்ள முழு நிறைதான் கணக்கு. பெட்டியில் அச்சடித்தது அல்ல. நிறுவையில் பிழைக்கும் நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா?

மருமகனின் ஆசை நல்ல ஆசைதான். 1990 ஒக்டோபரில் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேறி, இன்றும் புத்தளத்தில் இருக்கும் மூத்தவர்களுக்குச் சோனகர் தெருவை மேலிருந்து படம் பிடித்துக் காட்ட வேண்டுமாம். பிறகு கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடலாமாம். அங்கேதான் நான் நிறுத்தினேன். கூலி வாங்கினால் அது பொழுதுபோக்கு இல்லை; அதற்கு வேறு அனுமதி வேண்டும்.

நம் பகுதி வேறு மாதிரியானது. பலாலியில் 2019 முதல் சர்வதேச விமான நிலையம் இயங்குகிறது, பக்கத்தில் இராணுவ நிலங்கள். யுத்த காலத்தில் தலைக்கு மேலே சுற்றிய உளவு விமானத்தை 'வண்டு' என்று சொன்ன சனம் இது. அந்த ரீங்காரம் கேட்டால் இன்றும் சிலர் முற்றத்தை விட்டு உள்ளே போய்விடுவார்கள். அயலவரிடம் சொல்லாமல் பறக்க விடுவது எந்த விதியில் இல்லாவிட்டாலும் தவறு.

இன்னொன்று. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின் ஏப்ரல் 25ஆம் திகதி எல்லா ட்ரோன்களையும் தரையில் இறக்கினார்கள்; அடுத்த ஆண்டுதான் தடை நீங்கியது. கடன் வாங்கி முதல் போட்டவர் அத்தனை மாதமும் தவணை கட்டியிருப்பார். முதலீட்டுக் கணக்கில் இதையும் எழுதுங்கள்.

மருமகனுக்குச் சொன்னேன்: வாங்குவதற்கு முன் கட்டுநாயக்கவில் உள்ள அதிகார சபையிடமும், பாதுகாப்பு அமைச்சு, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு ஆகியவற்றிடமும் நாட்டுக்குள் கொண்டு வரும் அனுமதியை விசாரியுங்கள். கடிதம் கையில் வந்த பிறகு காசு கொடுங்கள். தெருவைப் படம் பிடிக்க நண்பரின் ட்ரோன் இருக்கிறது, இன்ஷா அல்லாஹ், லீவில் வரும்போது அதிலேயே எடுப்போம்.