விழாவும் வகுப்பும்

தமிழ்நாட்டில் நன்கு கற்றவரும் தில்லிக்கு முதன்முதலாக வந்திறங்கும் நாளில், பேருந்தின் பெயர்ப்பலகைக்கு முன் எழுத்தறியாதவராகி நிற்க நேரிடும். எழுத்து கண்ணெதிரே இருக்கும், பொருள் விளங்காது. அருகில் நிற்பவரைக் கேட்கவும் மொழி வராது. அந்தக் கூச்சத்தை நம்மில் பலர் சில மாதங்கள் அனுபவித்திருக்கிறோம். வாழ்நாள் முழுவதும் அதை அனுபவிப்போரும் இந்நகரில் உள்ளனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, தில்லியில் ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் எழுதப் படிக்க அறியாதவர்.

சிறுவனைப் பெற்றோர் கைப்பிடித்துப் பள்ளியில் சேர்ப்பர். நாற்பது வயதுத் தொழிலாளியை யார் அழைத்துச் செல்வது? நாளெல்லாம் உழைத்த களைப்பு ஒரு தடை. ‘இந்த வயதில் படிப்பா?’ என்று ஊர் நகைக்குமோ என்னும் நாணம் அதனினும் பெரிய தடை. இந்த நாணத்தைத் தனி ஒருவரால் வெல்வது கடினம். ஊர் கூடினால் எளிது. முதியோர் கல்விக்கு விழா துணையாவது இதனால்தான்.

1950களின் தொடக்கத்தில் தில்லியைச் சுற்றியிருந்த சிற்றூர்களுக்குக் கல்வி வண்டிகள் சென்றன. நாடகமேடையும் திரைப்படக் கருவியும் கண்காட்சிப் பொருள்களும் அவற்றில் வந்தன. ஊரில் மேளா கூடிற்று. விளையாட்டுப் போட்டிகளும் நடந்தன. வேடிக்கை பார்க்க வந்தவர்களை வகுப்பிற்கு வரச் செய்வதே அதன் நோக்கம். 1951 அக்டோபர் 27 அன்று நேரு திறந்துவைத்த தில்லிப் பொது நூலகமும், யுனெஸ்கோவின் துணையோடு, புதிதாக எழுத்தறிந்தோரின் தேவையையும் கருத்திற்கொண்டே தொடங்கப்பெற்றது. படித்ததை மறவாதிருக்கப் படிப்பதற்குப் புத்தகம் வேண்டுமன்றோ!

நம் தமிழ்நாட்டிலும் இதற்கொரு சிறந்த சான்று உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தார். மிதிவண்டி கற்ற பெண் வகுப்பிற்கும் சந்தைக்கும் பிறர் துணையின்றிச் சென்றுவரலாயினாள். 1992இன் உலக மகளிர் நாளன்று, கைப்பிடியில் கொடி கட்டி, மணி ஒலித்து, 1,500க்கு மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை வீதிகளில் மிதிவண்டியில் அணிவகுத்தனர். முன்பு கேலி பேசிய ஊர் அன்று வழிவிட்டு நின்றது. ஒருத்தி தனியே சென்றிருந்தால் கேலிக்கு ஆளாகியிருப்பாள்; ஆயிரவர் கூடியபோது அதுவே ஊர்வழக்கம் ஆயிற்று.

இக்காலத்தில் பெருநகரங்களில் நற்பணிக்கென மக்கள் ஓட்டங்கள் நடைபெறுகின்றன. 2005 முதல் நடந்துவரும் தில்லி அரை மராத்தான் வாயிலாகவும் தொண்டு நிறுவனங்களுக்கு நிதி திரளுகிறது. நிதி தேவையே; ஆனால் அது மட்டும் போதாது. ஓடுவோர் ஒரு சாராரும் கற்போர் வேறொரு சாராருமாகப் பிரிந்து நின்றால், நாணம் நீங்குவதில்லை. கற்கும் பெண்ணும் ஓட்டத்தில் இடம்பெற வேண்டும். மேடையேறித் தன் பெயரைத் தானே எழுதிக் காட்ட வேண்டும்.

விழா ஒரு நாளில் முடிந்துவிடும். எழுத்து ஒரு நாளில் வந்துவிடாது. விழா நடந்த மறுநாளே வகுப்புத் தொடங்க வேண்டும். அதன் நேரம் தொழிலாளியின் ஓய்வு நேரமாக இருக்க வேண்டும். பாடம் அவருக்கு உடனே பயன்பட வேண்டும். பேருந்துப் பலகை, கூலிக் கணக்கு, வங்கிப் படிவம் ஆகியவற்றிலிருந்தே தொடங்கலாம்.

தில்லியில் நம் சங்கங்கள் பொங்கலும் ஆண்டுவிழாவும் சிறப்பாக நடத்துகின்றன. நம் வீடுகளில் பாத்திரம் துலக்கியும் துணி வெளுத்தும் பிழைக்கும் தமிழ்ப் பெண்களும் இந்நகரில் உள்ளனர். அடுத்த விழாவிற்கு அவர்களையும் அழைப்போம். வாரத்தில் இரண்டு மாலை அவர்களோடு அமர்ந்து, தமிழ் எழுத்தையும் இந்தி எழுத்தையும் கற்பிப்போம். பலகைக்கு முன் திகைத்து நின்ற நாளை மறவாத நமக்கு இது கடமையே ஆகும்.